வார்டு குழுவில் 340 பேர், வேலை செய்வது 2 பேர்: அடுத்த வரிசையை எப்படி உருவாக்குவது?

முச்சந்தி கேட்டது:

சுமார் 1,200 வீடுகள் உள்ள வார்டு. குடியிருப்போர் குழு ஒன்று பெயரளவில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 340 பேர். மாதக் கூட்டத்துக்கு வருவது 9 பேர். வேலை செய்வது 2 பேர். அந்த இருவரில் ஒருவர் விலகினால் குழு படுத்துவிடும்.

இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்தப்பட்டது. 25 பேர் வந்தார்கள், சான்றிதழ் வாங்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் ஒருவரும் தலைகாட்டவில்லை. மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு மூன்றுக்கும் ஆண்டுதோறும் மனு கொடுக்கப்படுகிறது. 'பரிசீலிக்கப்படும்' என்ற பதிலும் ஆண்டுதோறும் வருகிறது.

தெரியவேண்டியது: பொறுப்பெடுத்து நடத்தக்கூடிய ஆட்களை எப்படி வளர்ப்பது? மனு என்ற நிலையைத் தாண்டி நகராட்சியின் முடிவுக்குள் எப்படி நுழைவது? 'மக்களை விழிப்படையச் செய்யுங்கள்' என்ற வகைப் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.

---

அடிமட்டம் எழுதியது:

முதலில் அந்தப் பயிற்சி. அது வீணானதற்குப் பயிற்சியாளரைக் குறைசொல்ல முடியாது. பயிற்சி முடிந்த மறுநாள் அந்த 25 பேர் கையில் செய்வதற்கு என்ன இருந்தது? ஒன்றுமில்லை. ஏட்டுச் சுரைக்காய்தான். வேலையைக் கையில் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும். வரிசையைத் திருப்பிப் போட்டால் சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும்.

எனவே வேலையை உடையுங்கள். 'செயலாளர்' என்ற ஒரே பதவிக்குள் எட்டு வேலையாவது ஒளிந்திருக்கும்: ஆட்களைக் கூப்பிடுவது, கூட்ட நிரல் போடுவது, கூட்டத்தை நடத்துவது, முடிவுகளைக் குறிப்பது, கடிதம் எழுதுவது, அலுவலகத்துக்கு நடப்பது, புகார் எண்களைத் துரத்துவது, கணக்கு. ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும்படி தனித்தனி ஆளிடம் போகட்டும். 'நீங்கள் தலைவராக வாங்க' என்றால் ஓடுவார்கள். 'உங்கள் தெருவில் 40 விளக்குக் கம்பம் இருக்கிறது, மாதம் இருமுறை இரவில் ஒரு நடை போய் எது எரியவில்லை என்று குறித்துத் தரமுடியுமா' என்றால் வருவார்கள்.

அடுத்தது அலகு. 1,200 வீட்டை ஒரே குழுவாக வைத்தால் 340 பேர் வேடிக்கை பார்ப்பது இயல்பு. கராச்சியின் ஒராங்கி பகுதியில் அக்தர் ஹமீத் கான் 1980-இல் தொடங்கிய திட்டம் இதற்கு நல்ல பாடம். அங்கே கழிவுநீர்க் குழாய் போடுவதற்கு அலகாக எடுத்துக்கொண்டது ஒரு சந்து, அதாவது 20-30 வீடுகள். அந்த வீடுகளே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தன. வசூலும் மேற்பார்வையும் அவர் பொறுப்பு. 25 வீட்டுக்குள் யார் செய்தார், யார் செய்யவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கணக்குக் கேட்கத் தனி அலுவலகம் தேவையில்லை, வாசலில் நின்று கேட்டால் போதும்.

உங்கள் வார்டில் 40 முதல் 50 சந்துகள் தேறும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க ஆசைப்படாதீர்கள், ஆறு போதும். அந்த ஆறும் கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினை உள்ள சந்துகளாக இருக்கட்டும். நல்ல பேச்சாளர் இருக்கும் சந்தாகப் பார்த்துத் தேடிப்போவது வழக்கமான தவறு.

ஆட்களைக் கண்டுபிடிக்க வாட்ஸ்அப் அழைப்பு உதவாது. நேரில் ஒருவரோடு ஒருவர், 30 நிமிடம். அதில் 20 நிமிடம் கேட்பது. அவருக்கு எது எரிச்சல், எதில் கைதேர்ந்தவர், எந்த நேரம் ஓய்வு, இவ்வளவுதான் தெரியவேண்டும். கடைசியில் ஒரு குறிப்பிட்ட வேலையை, ஒரு தேதியோடு கேளுங்கள். 'முடிந்தபோது உதவுங்க' என்று விட்டால் அந்தப் பேச்சு காற்றோடு போச்சு. 'சரி' என்பவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு இரட்டிப்பாகக் கேளுங்கள்.

வேலையைக் கைமாற்ற நாலு நடை: அவர் பக்கத்தில் இருந்து பார்க்கிறார்; இருவரும் சேர்ந்து செய்கிறீர்கள்; அவர் செய்ய நீங்கள் பார்க்கிறீர்கள்; அவர் இன்னொருவருக்குக் காட்டிக்கொடுக்கிறார். மூன்றாவது நடையில்தான் பெரும்பாலும் கவிழும். புதியவர் எழுதிய கடிதத்தைப் பழையவர் இரவோடு இரவாகத் திருத்தி, தன் பெயரில் அனுப்பிவிடுவார். 'அவருக்கு இன்னும் பக்குவம் வரலை, இந்த ஒரு தடவை நானே பார்த்துக்கறேன்' என்ற வசனம் காதில் விழுந்தால் எச்சரிக்கையாகுங்கள். கடிதத்தில் நாலு பிழை இருந்தாலும் அவர் பெயரிலேயே போகட்டும். தேதி, இடம், அளவு தவறாக இருந்தால் மட்டும் தடுக்கலாம்.

ஒவ்வொரு பொறுப்புக்கும் முதல் ஆள், மாற்று ஆள் என இருவர். ஓராண்டுக் காலம், அதிகபட்சம் இருமுறை. இந்த வரம்பை எல்லோரும் நல்லுறவில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். சண்டை வந்தபின் எழுதினால் ஒரு குறிப்பிட்ட ஆளைத் துரத்துவதற்காக எழுதியது போலாகிவிடும்.

கூட்டம் 75 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். நடத்துபவர் அன்றைய எந்த விஷயத்திலும் வாதாடக்கூடாது. வாதாட வேண்டுமென்றால் அந்தப் பகுதிக்கு இன்னொருவர் நடத்தட்டும். முடிவேட்டில் நான்கு கட்டம்: என்ன, யார், எந்தத் தேதிக்குள், நிலை. 'யார்' கட்டத்தில் 'குழு' என்று எழுதியிருந்தால் அந்த வேலை நடக்காது. ஒரு நபரின் பெயர் இருக்கவேண்டும். அடுத்த கூட்டம் இந்த ஏட்டை வாசிப்பதில்தான் தொடங்கவேண்டும், வரவேற்புரையில் அல்ல.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே சொன்னது உள்கட்டமைப்பு. நான் பணத்தைப் பற்றி மட்டும் சொல்றேன்.

உங்க மனு எப்போ போகுதுன்னு பாருங்க. பெரும்பாலான குழுக்கள் பட்ஜெட் தாக்கலாகிற மாசத்துல மனுவைத் தூக்கிட்டுப் போகும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். புது நிதியாண்டு தொடங்குறதுக்கு ஐந்தாறு மாசம் முன்னாடியே களப் பொறியாளர் தன் பட்டியலை எழுத ஆரம்பிச்சிடுவார். அப்புறம் துறைகள் தொகுக்கும், நிதிப் பிரிவு வெட்டும், கடைசியாத்தான் மன்றத்துக்கு வரும். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு மாசம் மாறும், வரிசை மாறாது. நீங்க பிடிக்கவேண்டியது அந்த முதல் கட்டம். அந்த நேரத்துல உதவிப் பொறியாளர் மேசையில ஒரு பக்கக் குறிப்பு இருந்தா, அவரே எடுத்து ஒட்டிக்குவார், ஏன்னா அவருக்கும் பட்டியலை நிரப்பணும்.

அந்த ஒரு பக்கத்துல இருக்கவேண்டியது: எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், எத்தனை வீட்டுக்குப் பாதிப்பு, அளந்த எண், தேதி போட்ட படம், எந்தத் துறை, முடிஞ்ச பிறகு யார் பராமரிப்பு. கோரிக்கை மூணுக்கு மேல வேண்டாம், அதுவும் 1, 2, 3ன்னு வரிசைப்படுத்தி. பதினேழு கோரிக்கை கொடுத்தா அதுல மலிவானது எதுவோ அதைச் செஞ்சுட்டு 'மக்கள் கோரிக்கை நிறைவேற்றம்'னு முடிச்சிடுவாங்க.

பராமரிப்பு வரியைத் தவறவிடாதீங்க. பூங்கா கட்டுறது மூலதனச் செலவு. புல்லுக்குத் தண்ணி விடறது வருவாய்ச் செலவு. முதலாவதுக்குத் திட்டம், மானியம், திறப்பு விழா எல்லாம் உண்டு. ரெண்டாவதுக்கு ஒதுக்கீடு இருக்கான்னு யாரும் கேட்கிறதில்லை. கட்டின ரெண்டாவது வருஷமே பாழாப்போற சொத்து நிறைய இந்த ஓட்டையில விழுந்ததுதான்.

பட்ஜெட் புத்தகத்தைத் திறந்தா ஒரு தலைப்புக்கு மூணு எண்ணைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு. உதாரணத்துக்கு வடிகால் பராமரிப்புக்கு 100 ஒதுக்கி, அது 60 ஆகக் குறைஞ்சு, கடைசியில 22 செலவாகியிருந்தா, 'நிதி ஒதுக்குங்கள்'னு மனு கொடுக்கிறதுல அர்த்தமே இல்லை. நிதி இருந்திருக்கு, செலவு பண்ண முடியலை. டெண்டருக்கு ஆள் வரலையா, வேலைக்கான செலவு மதிப்பீடு தயாரிக்கப் பொறியாளர் இல்லையா, ஒப்பந்ததாரருக்குப் பழைய பாக்கியா? கேள்வியே வேற. இந்த மூணு எண்ணை ஒருத்தர் படிக்கக் கத்துக்கிட்டா உங்க குழுவோட பேச்சே மாறிடும்.

வேலை நடக்கும்போது நகல் வாங்கவேண்டியவை: வேலைக்கான செலவு மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் (செஞ்ச வேலையை அளந்து எழுதுற பதிவேடு) பக்கங்கள், நிறைவுச் சான்று. தகவல் உரிமைச் சட்டத்துல கேட்கிற விதம் முக்கியம்: 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டா அது விளக்கம், தர வேண்டியதில்லைன்னு தட்டிக்கழிச்சிடலாம். 'இந்தப் பணியின் அளவுப் புத்தகத்தில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையிலான பக்கங்களின் நகல்' என்று கேட்டா அது ஆவணம். கையில வாங்கி, டேப் எடுத்து இடத்துல போய் ஒப்பிடுங்க. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எப்போ முடியுதுன்னும் குறிச்சு வைங்க. அதுக்குள்ள சாலை பெயர்ந்தா ஒப்பந்ததாரர் தன் செலவுலதான் சரிசெய்யணும். யாரும் எழுதிக் கேட்கலைன்னா அந்தத் தேதி சத்தமில்லாம ஓடிடும்.

பங்கேற்பு பட்ஜெட், அதாவது நகரத்தோட பணத்துல ஒரு பகுதியை எதுக்குச் செலவு பண்றதுன்னு மக்களே முடிவு பண்ற முறை, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-ல ஆரம்பிச்சது. 16 வட்டாரம்; எந்த வட்டாரத்துக்கு எவ்வளவுங்கிறதைக் கை உயர்த்தி முடிவு பண்ணலை. மக்கள்தொகை, வசதிக் குறைவு, அந்த வட்டாரமே சொன்ன முன்னுரிமை, மூணுக்கும் மதிப்பெண் போட்டுப் பிரிச்சாங்க. சத்தமாப் பேசுற வட்டாரம் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகாம இருந்தது அந்தச் சூத்திரத்தாலதான். பாரிஸ் 2014-ல ஆரம்பிச்சப்போ முதலீட்டு பட்ஜெட்டில் 5 சதவீதத்தை இதுக்கு ஒதுக்கினது. ஆனா போர்ட்டோ அலெக்ரியோட பின்கதையும் தெரியணும்: மக்கள் ஒப்புதல் கொடுத்த வேலைகள் நடக்காம தேங்க ஆரம்பிச்சது, நம்பிக்கை தேஞ்சது, 2017-ல நகரம் அதை நிறுத்தி வெச்சது. அதனால புதுசாத் தொடங்குற இடத்துல சின்னத் தொகையா இருந்தாலும் அதே வருஷத்துல முடியக்கூடிய வேலையா எடுங்க.

---

எதிர்க்காற்று எழுதியது:

இரண்டு பதிலும் பயனுள்ளவை. ஆனால் இரண்டிலும் ஒன்று விடுபட்டிருக்கிறது: அந்த 9 பேர் யார்?

ஓய்வுபெற்றவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், ஆண்கள் என்றால் நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக நிர்வகித்தாலும் வருவது அவர்களுடைய வார்டு. வாகன நிறுத்தமும் நுழைவாயில் கதவும் முதல் கோரிக்கையாகும், பொதுக்கழிப்பறை பதினேழாவதாகும். வாடகைக்கு இருப்பவர், வீட்டு வேலைக்கு வருபவர், நடைபாதை வியாபாரி, தூய்மைப் பணியாளர் நான்கு பேரும் அந்த வார்டில் தினமும் பல மணி நேரம் இருப்பவர்கள்தான். குப்பை பற்றிய கூட்டத்தில் குப்பை எடுப்பவர் இல்லையென்றால், எந்த வீட்டில் எப்போது கலந்து கொட்டுகிறார்கள், வண்டி எந்தத் திருப்பத்தில் நுழையாது என்பது உங்களுக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. பணி நேரத்திலேயே அழையுங்கள், மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் பேசவிடுங்கள். ஓய்வு நேரத்தில் இலவசமாக வா என்பது நியாயமல்ல.

நேரமும் ஒரு வடிகட்டிதான். ஞாயிறு மாலை 6 மணி என்றால் யார் வீட்டில் அடுப்படியில் இருப்பார்கள் என்று யோசியுங்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு அமர்வு வையுங்கள், ஒன்று காலை 11, ஒன்று இரவு 8. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் போடுங்கள். யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று மூன்று கூட்டத்துக்கு மட்டும் குறித்துப் பாருங்கள். அதற்குப் பின் அறிவுரையே தேவைப்படாது.

பெரிய முடிவுகளுக்கு, கலந்து பேசுபவர்களைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையையும் கவனிக்கலாம். அயர்லாந்து 2016-இல் அமைத்த குடிமக்கள் பேரவையில் தலைவர் தவிர 99 பேர். வயது, பால், பகுதி, சமூக நிலை பார்த்து நாட்டின் சாயல் வரும்படி தேர்ந்தெடுத்தார்கள். வார்டு அளவில் 24 பேர் போதும். முன்பின் தெரியாமல் அழைக்கும்போது பத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டாலே பெரிது, ஆகவே 300 வீட்டுக்கு அழைப்பு போகவேண்டும். ஒப்புக்கொண்டவர்களில் இருந்து ஆண்/பெண், வயது, சொந்த வீடு/வாடகை என்று பிரித்து மறுபடி குலுக்குங்கள். முதல் சுற்றோடு நிறுத்தினால் பழைய 9 பேரின் நண்பர்கள்தான் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை சொன்ன 'பொறியாளருக்குப் பட்டியல் எடுத்துக்கொடுப்பது' பற்றியும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் ஷெர்ரி அர்ன்ஸ்டீன் 1969-இல் எழுதிய கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் பிரித்தார். கீழ்ப்படிகளில் ஏய்ப்பு, நடுவில் பெயரளவுக் கலந்தாலோசனை, மேலே அதிகாரப் பகிர்வு. உங்கள் வேலை நகராட்சியின் கணக்கெடுப்பை இலவசமாகச் செய்துகொடுப்பது மட்டுமே என்றால் நடுப்படியில்தான் நிற்கிறீர்கள். அளவை கொடுப்பதற்கு ஈடாக ஒன்று கேளுங்கள்: எது ஏற்கப்பட்டது, எது இல்லை, ஏன் என்று 30 நாளில் எழுத்துப்பூர்வமான பதில்.

---

முச்சந்தி:

மூவருக்கும் நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். வடிகாலை 'அளந்து கொடு' என்கிறீர்கள், பொறியியல் படிக்காத நான்கு பேர் எப்படி அளப்பது? கவுன்சிலர் இந்தக் குழுவைப் போட்டியாகப் பார்க்கிறார். அதற்கு என்ன செய்வது?

---

வண்டல் எழுதியது:

வடிகால் கேள்விக்கு மட்டும் பதில்.

முதலில் எல்லை. மூடிய கழிவுநீர்ச் சாக்கடை மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு ஆளைக் கொல்லும். வடிகாலுக்குள் யாரும் இறங்கவும் கூடாது. திறந்த மழைநீர் வடிகால், அல்லது நகராட்சி ஊழியர் முன்னிலையில் பலகை தூக்கப்பட்ட இடங்கள் மட்டும்.

தேவை: 1.5 மீட்டர் கோல் இரண்டு, 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டது. ஒன்றின் அடியில் உள்ளங்கை அகலத் தகடு ஒன்றைத் தட்டையாகப் பொருத்துங்கள். டேப், சாக்பீஸ், போன். மூன்று பேர்: அளப்பவர், எழுதுபவர், வண்டிகளைக் கவனித்துக்கொண்டு படம் எடுப்பவர்.

தகடு வைத்த கோலை மெதுவாக இறக்குங்கள். வண்டலின் மேல் நிற்கும். வடிகாலின் மேல்விளிம்பு எந்தக் கோட்டில் இருக்கிறது என்று குறியுங்கள். தகடில்லாத கோலை அடித்தளம் தட்டும்வரை அழுத்துங்கள், அதையும் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டல். ஒரே கோலால் இரண்டையும் எடுத்தால் மெல்லிய முனை இளகிய வண்டலுக்குள் இறங்கிவிடும், வண்டலைக் குறைத்துக் காட்டும். பலரும் இடறுவது இங்கேதான்.

10 மீட்டருக்கு ஒரு அளவு. 400 மீட்டருக்கு 41 புள்ளி, ஒரு காலைப்பொழுது போதும். புள்ளிகளுக்கான வரிசை எண்களை, நீர் வெளியேறும் வாயிலிருந்து மேல்நோக்கிப் போடுங்கள். வாயே அடைபட்டிருந்தால் மேலே எவ்வளவு தூர்வாரினாலும் தண்ணீர் நிற்கும், எனவே முதல் புள்ளி அதுதான். குறுக்கே போகும் குடிநீர்க் குழாய், கேபிள் இருந்தால் தனியாகக் குறியுங்கள். பிளாஸ்டிக் சிக்குவது அங்கேதான்.

எண் கிடைத்ததும் என்ன செய்வது? 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. ஆழமுள்ள வடிகாலில் 40 செ.மீ. வண்டல் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டு 5,400 சதுர செ.மீ.யிலிருந்து 3,000 ஆகிறது, 44 சதவீதம் போச்சு. கொண்டுபோகும் நீர் அதைவிடக் கூடுதலாகக் குறையும், ஏனென்றால் பரப்பு சுருங்கும் அளவுக்கு நீர் உரசிப்போகும் சுவரும் அடித்தளமும் சுருங்குவதில்லை. வடிகாலில் ஓடும் நீரைக் கணக்கிட உதவும் மானிங் சூத்திரத்தில் அதே சரிவுக்கும் அதே சொரசொரப்புக்கும் போட்டால் ஏறத்தாழ பாதி. 'வடிகால் தூர்ந்துள்ளது' என்று எழுதுவதற்குப் பதில் '12 முதல் 19 வரையிலான புள்ளிகளில் வடிகால் பாதிக் கொள்ளளவில்தான் ஓடும்' என்று எழுதினால் அலுவலகத்தில் அதை மறுக்க அவர்களும் கோலெடுத்துக்கொண்டு வரவேண்டும்.

தூர்வாரிய மூன்று நாளுக்குள் அதே புள்ளிகளை மறுபடி அளங்கள். எடுத்த வண்டல் கரையிலேயே கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஈரம் வடிய ஓரிரு நாள் கிடப்பது சரி. அதற்குமேல் கிடந்தால் அடுத்த மழை அதை உள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

குப்பைக்கும் இதே புத்திதான். ஒரு சந்தில் 25 வீடு, தொடர்ந்து 8 நாள், தொங்கு தராசு. முதல் நாள் எடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் முன்தினம் சேர்ந்ததும் கலந்திருக்கும். மீதி 7 நாள் சராசரியை அந்த வீடுகளில் உள்ள மொத்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு ஒருநாள் எவ்வளவு என்பது வரும். பிரித்துப் போடும் வீடுகளை எண்ணும்போது 'பிரித்தது', 'கலந்தது', 'அன்று குப்பையே போடவில்லை' என மூன்று கட்டம் வையுங்கள். மூன்றாவது கட்டம் இல்லாவிட்டால் பூட்டிய வீடெல்லாம் கலந்த கணக்கில் விழும்.

---

அடிமட்டம்:

கவுன்சிலர் விஷயம். அவரைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள், அவர் வழியாகவும் போகாதீர்கள். அலுவலகத்துக்குப் போகும் எந்தக் கடிதத்தின் நகலும் மூன்று நாள் முன்னதாக அவருக்குப் போகட்டும். மன்றத்தில் அவர் கேள்வி கேட்க விரும்பினால் அதே அளவுத்தாளை வைத்துக் கேட்கலாம். வேலை நடந்தால் பெயர் அவருக்குப் போகட்டும், தாள் உங்களிடம் இருக்கிறது.

விதியில் இரண்டு வரி சேருங்கள். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் குழுப் பொறுப்பில் இருக்க முடியாது, உறுப்பினராக இருக்கலாம். தேர்தலில் நிற்க நினைப்பவர் ஆறு மாதம் முன்பே பொறுப்பிலிருந்து விலகவேண்டும். தேர்தல் நேரத்தில் எல்லா வேட்பாளருக்கும் ஒரே தாள், ஒரே மூன்று கேள்வி. இந்த வரிகள் இல்லாத குழு, கவுன்சிலர் பயப்படுவதற்கு நியாயமான காரணம் தருகிறது.

அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். புதிய பொறியாளர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் நான்கு பக்கக் கோப்பு அவர் மேசைக்குப் போகவேண்டும்: வார்டு வரைபடம், நிலுவை வேலைகள், கடைசி அளவுகள், முந்தையவர் எழுதிக்கொடுத்த ஒப்புதல்களின் நகல். கொண்டுபோய்க் கொடுக்க அந்த 2 பேர் வேண்டாம், மாற்று ஆட்கள் போகட்டும்.